முதல் பத்து விநாடி: வலிப்பு நோயாளிகளை அனுப்பிவைக்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாலுகா மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் தனியார் கிளினிக்குகளிலும் வலிப்பு நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதிக் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டைப் பிரித்துப் படிக்கும் முதல் ஆள் பெரும்பாலும் நான்தான். வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்யலாமா, கூடாதா என்று ஆராயும் ஒரு பிரிவில் வீடியோ இ.இ.ஜி. எடுப்பது, அதாவது மூளையின் மின்னலைகளையும் நோயாளியின் அசைவுகளையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்வது, என் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக நோயாளிகளின் தலையில் கம்பி ஒட்டுகிறேன். கூட வருகிறவர்கள் என்னை ‘சிஸ்டர்’ என்பார்கள். நான் நர்ஸ் இல்லை என்று திருத்துவதை என்றோ விட்டுவிட்டேன். டாக்டரும் இல்லை. அதனால் உங்களுக்கு வைத்தியம் சொல்லித்தர வரவில்லை. என் மேசைக்கு வந்து சேர்வது எது, வராமல் போவது எது என்று மட்டும் சொல்கிறேன்.

வந்து சேர்வது வழக்கமாக ஒரு ஜவுளிக்கடைப் பை. உள்ளே, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட எம்.ஆர்.ஐ. ஃபிலிம்கள் வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வெவ்வேறு ஊர்களில் எடுத்த இ.இ.ஜி. அறிக்கைகள், தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள், எதற்கு எடுத்தது என்று யாருக்கும் நினைவில்லாத ரத்தப் பரிசோதனைகள். எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் சீட்டு: ‘ஜி.டி.சி.எஸ்., 11 வருடங்கள். எம்.ஆர்.ஐ. நார்மல். மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது.’

வராமல் போவது வலிப்பின் முதல் பத்து விநாடி.

உடம்பு முழுவதும் விறைத்து, வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளும் அந்த ஒன்றிரண்டு நிமிடம் யாருக்கு வந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ‘ஜி.டி.சி.எஸ்.’ என்ற எழுத்துகள் சொல்வது அதைத்தான். ஊரே இருண்ட பிறகு எந்த டிரான்ஸ்ஃபார்மரில் பொறி பறந்தது என்று சொல்ல, பொறி பறந்ததைப் பார்த்த ஒருவர் வேண்டும். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். வயிற்றிலிருந்து ஏதோ நெஞ்சுக்கு ஏறுகிறது என்றாரா? அப்படியென்றால் மூளையின் டெம்போரல் மடலின் உட்புறத்தை, கன்னப்பொட்டுக்கு நேர் உள்ளே இருக்கும் பகுதியைச் சந்தேகிக்கலாம். கண் முன்னால் நிற வட்டங்கள் சுழன்றனவா? பிடரிப் பக்கத்து ஆக்ஸிபிடல் மடல். கட்டைவிரலில் துடிப்பு தொடங்கி முழங்கைக்கு ஏறியதா? எதிர்ப்பக்க மூளையில் உடல் அசைவை ஆளும் பட்டை. தூக்கத்தில் திடீரென்று கத்தி, சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களை உதறி, அரை நிமிடத்தில் தெளிந்துவிடுகிறவருக்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ஃபிரண்டல் மடலில் தேட வேண்டும். (இவர்களில் பலர் முதலில் மந்திரிக்கிறவரிடமும், பிறகு மனநல மருத்துவரிடமும் போய்விட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள்.)

இது நவீனக் கருவிகள் வந்த பிறகு கிடைத்த அறிவு அல்ல. 1886-ல் லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் விக்டர் ஹார்ஸ்லி வலிப்புக்காக ஓர் இளைஞனின் மண்டையைத் திறந்தபோது, எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்படவே இன்னும் ஒன்பது வருடங்கள் இருந்தன. மனித மூளையின் மின்னலைகளைப் பற்றி ஹான்ஸ் பெர்கர் எழுதி வெளியிட்டது 1929-ல்தான். ஹார்ஸ்லியிடம் இருந்தவை இரண்டு: சிறு வயதில் அடிபட்ட தழும்பு, இழுப்பு எந்த உறுப்பில் தொடங்கி எப்படிப் பரவுகிறது என்று பார்த்து மூளையில் இடத்தைக் கணிக்க நரம்பியல் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் கற்றுக்கொடுத்திருந்த முறை. நம் பக்கத்திலும் இது நேற்று வந்ததல்ல. மான்ட்ரியாலில் மூளை அறுவை சிகிச்சை நிபுணர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் வலிப்பு அறுவை சிகிச்சையை அங்கேயே 1952-ல் செய்தார். எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சீட்டில் இன்னும் நான்கு எழுத்துகளோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முப்பதைத் தாண்டிய பெண்; அம்மாவோடும் அப்பாவோடும் வந்திருந்தார். சீட்டில் மேலே நான் எழுதிய அதே வரி. கம்பி ஒட்ட எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். இருபத்தைந்து இடங்களுக்குமேல் டேப் வைத்து அளந்து, பென்சிலால் குறித்து, தோலைத் தேய்த்து, ஒவ்வொரு கம்பியின் நுனிமேலும் சின்னத் துணித்துண்டு வைத்து, கொல்லோடியன் பசையை ஊற்றி, காற்றடித்துக் காயவைக்க வேண்டும். அந்தப் பசையின் ஈதர் நெடி அறையைவிட்டுப் போகவே போகாது. அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் நான் கதை கேட்பேன்.

“முதலில் என்ன செய்வார்?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“ஒன்றும் செய்யமாட்டாள். வெறித்துப் பார்ப்பாள். வாயைச் சப்புக்கொட்டுவாள். இடது கையால் துணியைக் கசக்கிக்கொண்டே இருப்பாள்.”

“வலது கை?”

கொஞ்சம் யோசித்தார். “அது மரக்கட்டை மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். தெளியும்போது மூக்கைத் துடைப்பாள். அதுவும் இடது கையால்தான். சோற்றுக் கை சும்மா இருக்க, இவள் ஏன் பீச்சாங்கையால் துடைக்கிறாள் என்று நானும் நினைத்துக்கொள்வேன்.”

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டெம்போரல் வலிப்பில் பொருளில்லாமல் துணியைப் பிசையும் கை பெரும்பாலும் வலிப்பு தொடங்கும் பக்கத்துக் கை. முறுக்கி விறைப்பது எதிர்ப்பக்கத்துக் கை. முடிந்ததும் மூக்கைத் துடைப்பது மறுபடியும் தொடங்கிய பக்கத்துக் கை. மூன்றும் இடது டெம்போரலைக் காட்டின. “இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்களா?” என்று கேட்டேன். “யாரும் கேட்கவில்லையே, சிஸ்டர்” என்றார். குறையாகச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்பதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னார். எத்தனையோ டாக்டர்கள் பார்த்த அந்தப் பதினொரு வருடமும் விடை அவர் மடியில்தான் இருந்திருக்கிறது.

நாங்கள் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தோம். வலிப்பு வந்தால்தான் அது எங்கே தொடங்குகிறது என்று பார்க்க முடியும். “வலிப்பை நிறுத்தத்தானே வந்தோம், வரவழைக்கவா வந்தோம்?” என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி, எல்லா அப்பாக்களும் கேட்பார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை மூன்றே முக்காலுக்கு வந்தது. அம்மா நான் சொல்லிக்கொடுத்தபடி பொத்தானை அழுத்தினார். அதன் பிறகு எந்த அம்மாவும் செய்வதைச் செய்தார். விலகியிருந்த நைட்டியின்மேல் போர்வையை இழுத்துப் போர்த்தினார். மகளின்மேல் கவிழ்ந்து அணைத்துக்கொண்டார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி மகளின் வலது கையில் திணித்தார். கேமராவில் பதிவானது அம்மாவின் முதுகு.

எனக்குக் கோபம் வரவில்லை. மகளின் மானத்தைக் காப்பது அவருக்கு முதல் வேலை. இரும்பைப் பற்றி என் பாட்டியும் அப்படித்தான் நம்பினார். ஆனால் சாவிக்கொத்தைப் பிடித்திருக்கும் கை தானாக முறுக்கிக்கொண்டதா, சாவியை இறுக்கிப் பிடித்ததா என்று உலகத்தில் எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. அடுத்ததற்காக இன்னொரு நாள் காத்திருந்தோம். இந்த முறை நானே ஓடினேன். போர்வையை விலக்கினேன். இரண்டு கைகளும் கேமராவுக்குத் தெரிந்தன; அம்மா சொன்னதில் ஒன்றும் பிசகவில்லை. “மாம்பழம். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்” என்றேன். பேனாவைக் காட்டி “இது என்ன?” என்றேன். என்னைப் பார்க்கிறார், பேனாவைப் பார்க்கிறார், வார்த்தை வரவில்லை. நான்கு நிமிடம் கழித்து “எழுதுவது” என்றார். ‘பேனா’ வர ஆறு நிமிடம் ஆனது. மாம்பழம் வரவேயில்லை. பேச்சை ஆளும் பக்கத்தில்தான் வலிப்பு நடந்திருக்கிறது என்பதற்கு இன்னொரு சாட்சி.

இதில் இ.இ.ஜி. என்ன சொன்னது? இடது டெம்போரல் என்றுதான் சொன்னது; ஆனால் அவர் வெறித்துப் பார்க்கத் தொடங்கி இருபது விநாடிகள் கழித்துச் சொன்னது. மூளையின் மேற்பரப்பில் ஏறக்குறைய 10 சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு கேரம் காயைவிடச் சற்றுப் பெரிய பரப்பு, ஒரே சமயத்தில் பொங்கினால்தான் மண்டைக்கு வெளியே இருக்கும் கம்பிக்கு அது எட்டும். டெம்போரல் மடலின் உட்புறத்தில், நினைவுக்கு வேண்டிய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி ஆழத்தில் இருக்கிறது. அங்கே கிளம்பியது வெளியே வந்து எனக்குத் தெரிவதற்குள் கையும் வாயும் வேலையைத் தொடங்கிவிடும். அதனால்தான் வீடியோ. அதனால்தான் அம்மா. அரை மணி நேர இ.இ.ஜி. ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று எழுதி, வலிப்பா என்றே சந்தேகப்பட்டு அனுப்பும் சீட்டுகளும் வருகின்றன. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி.யில் ஒன்றும் அகப்படாது என்பது நீங்கள் படித்த பாடம்தான்.

அடுத்தது ஸ்கேன். என் ஆற்றாமை முழுவதும் இங்கேதான்.

அந்தப் பெண்ணின் பையில் மூன்று எம்.ஆர்.ஐ.கள் இருந்தன. மூன்றும் நார்மல். எங்களிடம் எடுத்த நான்காவதில் இடது ஹிப்போகாம்பஸ் சுருங்கி, எம்.ஆர்.ஐ.யில் ஃபிளேர் என்ற வகைப் படத்தில் வெளுத்து நின்றது. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குக்கூடக் காட்டலாம், அவ்வளவு தெளிவு. முந்தைய மூன்றிலும் அது இல்லாமலா இருந்திருக்கும்? எடுத்துப் பார்த்தோம். தலைவலிக்கும் பக்கவாதத்துக்கும் எடுக்கும் அதே வழக்கமான படங்கள். ஐந்து மில்லிமீட்டர் தடிமன் வெட்டுகள், நடுவில் இடைவெளி வேறு. ஹிப்போகாம்பஸின் நீளவாக்குக்குச் செங்குத்தாக ஒரு வெட்டுகூட இல்லை. முருங்கைக்காயை நீளவாக்கில் இரண்டு கீற்றாக வகிர்ந்து பார்த்துவிட்டு, எந்தக் கணுவிலும் சொத்தை இல்லை என்று எழுதியதுபோல் இருந்தது.

ஜெர்மனியின் பான் நகரத்தில் செய்து 2002-ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. வழக்கமான எம்.ஆர்.ஐ.யைப் பொது ரேடியாலஜிஸ்ட்கள் படித்தபோது, மூளையில் இருந்த குறைகளில் 39 சதவீதம்தான் கண்ணில் பட்டன. அதே படங்களை வலிப்பு நிபுணர்கள் படித்தபோது 50. வலிப்புக்கென்று எடுத்த படத்தை அவர்களே படித்தபோது 91. இந்த எண்களைப் பார்த்தால், ஸ்கேன் மையத்தை மட்டும் திட்டிப் பயனில்லை என்று தெரிகிறது. நீங்கள் சீட்டில் ‘எம்.ஆர்.ஐ. பிரெயின்’ என்று எழுதினால் அவர்கள் எம்.ஆர்.ஐ. பிரெயின்தான் எடுப்பார்கள். ‘எபிலெப்சி புரோட்டோகால்’ என்று எழுதுங்கள். இடைவெளியில்லாத முப்பரிமாண டி-1, முப்பரிமாண ஃபிளேர், ஹிப்போகாம்பஸுக்குச் செங்குத்தான மெல்லிய டி-2 வெட்டுகள். உலக வலிப்பு எதிர்ப்புச் சங்கமே 2019-ல் இந்த மூன்றையும் சிபாரிசு செய்துவிட்டது. அதோடு ‘இடது டெம்போரலாக இருக்கலாம்’ என்று மூன்று வார்த்தை சேர்த்தால், படிப்பவருக்கு எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று தெரியும். மூளையின் ஒரு மடிப்பின் அடியில் ஒளிந்திருக்கும் சின்ன வளர்ச்சிக் கோளாறை, அங்கே இருக்கிறது என்று சந்தேகிக்கிறவர்தான் பார்ப்பார். ஃபிலிம் வேண்டாம், சி.டி.யில் முழுப் படத்தையும் கொடுக்கச் சொல்லுங்கள். வியர்வையில் ஒட்டிக்கொண்ட ஃபிலிமை உரித்தால் ஹிப்போகாம்பஸ் இருக்கும் இடம்தான் முதலில் உரிகிறது. இது என் சொந்த ஆராய்ச்சி.

படம் உண்மையிலேயே நார்மலாக இருந்தாலும் கதை முடிவதில்லை. பெட் ஸ்கேனில் சர்க்கரையைக் குறைவாக எடுத்துக்கொள்ளும் பகுதி தெரியலாம். வலிப்பு வரும்போதே மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் ஸ்பெக்ட் உண்டு. வலிப்பு தொடங்கி அரை நிமிடத்துக்குள் ஏற்றினால்தான் ரத்தம் எங்கே பாய்ந்தது என்று சரியாகப் பதியும். ஊசியோடு ஒருவர் காலை முதல் மாலைவரை கட்டிலருகே உட்கார்ந்திருப்பார். அந்தக் கதிரியக்க மருந்தின் வீரியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அவர் எழுந்து டீ குடிக்கப் போகும்போது வலிப்பு வரும். அது என்ன கணக்கோ!

எல்லாம் பார்த்தும் தெளியவில்லை என்றால் எஸ்.இ.இ.ஜி. மண்டையில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய கம்பிகளை மூளைக்குள்ளேயே இறக்குவது. 1950-களின் இறுதியில் பாரிஸில் தலெராக், பான்கோ என்ற இரண்டு மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை. இதைச் சொன்னதும் பல மருத்துவர்கள், “அதில் துல்லியமாகத் தெரிந்துவிடுமே” என்பார்கள். தெரியும், கம்பி போட்ட இடத்தில் மட்டும் தெரியும். மூளை முழுவதும் கம்பி போட முடியாது. எங்கே போடுவது என்று தீர்மானிக்க மறுபடியும் அம்மாவிடம்தான் வர வேண்டும்.

ஒரு பள்ளிச் சிறுமிக்கு வீடியோவும் இ.இ.ஜி.யும் டெம்போரல் என்றே சொல்லிக்கொண்டிருந்தன. சப்புக்கொட்டல், வெறித்த பார்வை, எல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல். வரைவதற்குக் காகிதம் கொடுத்தபோது, வலிப்புக்கு முன்னால் தெரிவதை வரைந்தாள்: வலது பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாகச் சின்ன வட்டங்கள். வலிப்பு கிளம்பியது பிடரியில். டெம்போரலுக்கு வந்து சேர்ந்ததைத்தான் நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். காகிதம் கொடுக்காமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்ற இளைஞருக்கு வலிப்புக்காக இரண்டு பக்க டெம்போரல் மடல்களின் உட்புறத்தையும் எடுத்துவிட்டார்கள். 2008-ல் இறக்கும்வரை புதிதாக நடந்த ஏறக்குறைய எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. அதனால்தான் இன்று எந்தப் பக்கம் என்று உறுதியாகத் தெரியாமல் யாரும் கத்தியைத் தொடுவதில்லை. மறுபக்கம் நினைவைத் தாங்குமா என்று உளவியலாளர் மணிக்கணக்கில் சோதிக்கிறார். எங்களிடம் வருகிற எல்லோருக்கும் அறுவை சிகிச்சை நடப்பதும் இல்லை. இரண்டு பக்கமும் தொடங்குகிறது என்று தெரிந்து மாத்திரையோடு திரும்புகிறவர்களும் உண்டு.

எப்போது அனுப்புவது என்பதைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். உங்களுக்குத் தெரியாதது அல்ல. சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை உரிய அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. 2010 முதல் இதுதான் இலக்கணம். கிளாஸ்கோவில் 2000-ல் வெளியான கணக்குப்படி முதல் மருந்தில் 47 சதவீதம் பேருக்கு நின்றது, இரண்டாவதில் 13 சதவீதம் பேருக்கு. அதற்குப் பிறகு எதைக் கொடுத்தும் 4 சதவீதம்தான். டெல்லி எய்ம்ஸில் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 116 பிள்ளைகளை இரு குழுவாக்கிப் பார்த்தார்கள். முடிவு 2017-ல் வெளியானது. ஒரு வருடம் கழித்து வலிப்பில்லாமல் இருந்தவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 77 சதவீதம். மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 7 சதவீதம். ஆனால் என்னிடம் வரும் பைகளில் ஆறாவது மருந்தும் ஏழாவது மருந்தும் இருக்கின்றன. படித்திருக்க வேண்டிய வயதும் வேலைக்குப் போயிருக்க வேண்டிய வயதும் போயிருக்கின்றன.

ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு உங்களுக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று நிமிடம் என்று எனக்குத் தெரியும். வாசலில் இருநூறு பேர் நிற்கும்போது கட்டைவிரலா, சுண்டுவிரலா என்று கேட்க முடியாது. நீங்களே கேட்க வேண்டும் என்பதில்லை. நர்ஸ் கேட்கலாம், பயிற்சி மருத்துவர் கேட்கலாம். இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. “அடுத்த தடவை வந்தால் வீடியோ எடுத்து வாருங்கள்” என்று சொல்ல ஐந்து விநாடி போதும். ஒருவர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், இன்னொருவர் எடுக்கட்டும். போர்வை வேண்டாம், சாவி வேண்டாம், இரண்டு கைகளும் முகமும் தெரிய வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், தெளிந்த பிறகும் இரண்டு நிமிடம் எடுக்க வேண்டும். பெண்களின் வீடியோவை எடுக்க வீட்டார் தயங்குவார்கள். டாக்டர் மட்டுமே பார்ப்பார் என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் கேட்பதில்லை. இன்னொன்று: எங்களிடம் சேர்வதற்கு முந்தின வாரம், வழியில் வந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் கிளோபசாம் என்ற வலிப்பு மாத்திரையைச் சேர்த்து அனுப்பாதீர்கள். ஐந்து நாள் கட்டிலில் படுத்து, ஒரு வலிப்பும் வராமல், வட்டிக்கு வாங்கி வந்த பணம் தீர்ந்து ஊருக்குத் திரும்புகிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இடது டெம்போரலில் அறுவை சிகிச்சை நடந்தது. சில பெயர்கள் சட்டென்று வருவதில்லை என்கிறார். காய்கறி வாங்கப் போனால் பட்டியல் எழுதிக்கொண்டு போகிறார். மாத்திரை இன்னும் இருக்கிறது. வலிப்பு வரவில்லை. கடைக்குத் தனியாகப் போகிறார் என்பதை அவருடைய அம்மா என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

திங்கட்கிழமை ஒருவர் சேர்கிறார். சீட்டு முன்னதாகவே வந்துவிட்டது: ‘ஜி.டி.சி.எஸ்., 14 வருடங்கள். எம்.ஆர்.ஐ. நார்மல்.’ நேற்று அவருடைய மனைவிக்கு ஃபோன் செய்து, முதலில் என்ன செய்வார் என்று கேட்டேன். “வேட்டி நுனியைப் பிடித்துத் திருகுவார், சிஸ்டர். வலது கையால்” என்றார். சீட்டின் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வீடியோ இ.இ.ஜி. அறையிலிருந்து ஒரு தொழில்நுட்பப் பணியாளர்